உறவுப் பட்டியலில் இல்லாத நண்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் சிங்கப்பூரில் ஒரு ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நிலையத்தில் மருத்துவ சமூக ஊழியர். இந்த ஆய்வில் வருகிறவர்கள் மூவர்: ஒரு முதியவர், ஒரு வெளிநாட்டு ஊழியர், முதியவரின் அக்கா மகள். மூவருமே தமிழர்கள். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். "எழுதும்மா, யாருக்காவது உதவட்டும்" என்று முதியவர் இறப்பதற்கு முன்பே சொல்லியிருந்தார். மற்ற இருவரும் பின்னர் சம்மதித்தார்கள்.

பின்னணி

2022ல் முதியவருக்கு வயது 73. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா அங்கே ஆங்கிலேயரிடம் கூலி வேலை பார்த்தார். 1971ல் ஆங்கிலேயப் படை கிளம்பியதும் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தது. இவர் கப்பல் பட்டறையில் பெயின்டராகச் சேர்ந்தார். ஐம்பது வயது தாண்டும்வரை யார்டு வேலைதான், அப்புறம் காவலாளி வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓரறை வாடகை வீட்டில் இன்னொரு முதியவரோடு இருந்தார். அவர் சீனர். இருவரும் மலாயில் நாலு வார்த்தை பேசிக்கொள்வதோடு சரி.

சிங்கப்பூரில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் நீரிழிவு. இவருக்கும் அதனால்தான் வந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு உட்கார வேண்டும். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு முழு நாள் இடைவெளி. சிறுநீர் அநேகமாக நின்றுபோனவர்களுக்கு அந்த நாட்களில் குடித்தது முழுவதும் உடம்பிலேயே தங்கும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கால் வீங்கும், மூச்சு வாங்கும். எங்கள் நோயாளிகளில் திங்கள்–புதன்–வெள்ளிக்காரர்கள் அதிகம் பயப்படும் நேரம் அதுதான்.

பதிவேட்டில் உறவு என்று இருந்தது ஒரே பெயர், அக்கா மகளுடையது. அக்கா இறந்தபோது நகை விஷயமாக வந்த மனத்தாங்கலில் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. நிலையத்தில் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், தானாக எதுவும் பேச மாட்டார்.

எங்கள் நோயாளிகள் எல்லாரிடமும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் பற்றிப் பேசுவோம். தன்னால் பேச முடியாத நிலை வந்தால் எந்த மாதிரியான சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்பதை முன்பே சொல்லிப் பதிந்து வைப்பது அது. அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "வெள்ளிக்கிழமை அதுவுமா சாவைப் பத்தியாம்மா பேசுறது?" என்பார். புதன்கிழமை கேட்டால் வேறு காரணம் வரும்.

சந்திப்பு

2022 நவம்பரில் ஒரு ஞாயிறு. முதியவர் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பஃபலோ ரோடு அடுக்குமாடிகளின் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நடக்க முடியாத அளவு மூச்சு வாங்கியது. விடுதியில் தங்கியிருக்கும் ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் அது. அப்படி அனுமதி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்ப வந்திருந்தார் அந்த ஊழியர். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், முப்பத்தெட்டு வயது, துவாஸில் கப்பல் பட்டறை வேலை.

பெரியவர் மயங்கப் போகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் ஒரு இளநீர் வெட்டிக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறார். முதியவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். அதைச் சொல்லிப் புரியவைக்க மூச்சு இல்லாததால், இடது கைச் சட்டையை மேலே ஏற்றி, ஊழியரின் விரல்களைப் பிடித்துத் தன் முழங்கைக்குக் கீழே வைத்தார். ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த அந்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கும், தொட்டால் உள்ளே விடாமல் ஓர் அதிர்வு தெரியும். "மெஷின்ல போடுறதுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஊழியர் ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா என்றார். வேண்டாம் என்றார் இவர். சரி என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சற்று மூச்சு தெளிந்ததும் முதியவர் பார்த்தது அவருடைய நகங்களை. நகக்கண்களில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"எந்த யார்டு, தம்பி?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தொடங்கியது என்று இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். கப்பலின் டேங்க்குக்குள் இறங்குவது, சாரத்தில் நின்று ஸ்பிரே அடிப்பது, தின்னர் வாடையில் தலை சுற்றுவது என்று பேச ஆரம்பித்து, கடைசியில் டாக்சி பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் ஊழியர் விடுதிக்குத் திரும்பினார். அடுத்த ஞாயிறும் அதே இடத்துக்கு வந்தார்.

நாங்கள் கவனித்தது

முதலில் கவனித்தது தாதி ஒருவர். திங்கட்கிழமைகளில் முதியவர் எடை குறைவாக வர ஆரம்பித்தார். வார இறுதியில் மூன்று கிலோவுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தவர் இரண்டுக்குள் நின்றார். கேட்டதற்கு, "தம்பி என் கோப்பியைப் பாதி ஊத்திக்கிறான்" என்றார். அந்தத் தம்பி யார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சில வாரம் கழித்து வேறொன்றும் காதில் விழுந்தது. ஊழியருடைய மகளின் பள்ளிச் செலவுக்குப் பணம் கொடுக்கப்போவதாக முதியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவில் சிலருக்குக் கவலை வந்தது. தனியாக வாழும் முதியவர், புதிதாக வந்த நட்பு, அதில் பணம். இந்த மூன்றும் சேர்ந்தால் விசாரிப்பது எங்கள் கடமை. நான் விசாரித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த நண்பர் இங்கேயே பிறந்த ஒரு அலுவலகக்காரராக இருந்திருந்தால் அந்தக் கவலை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் என்பதாலேயே ஒருவரைச் சந்தேகிப்பது நியாயமில்லை என்று அன்றைக்குக் கூட்டத்திலேயே சொன்னேன். இன்றும் அதுதான் என் கருத்து.

முதியவரின் சம்மதத்தோடு ஊழியரைத் தனியே சந்தித்தேன். பணத்தை அவர் ஏற்கெனவே மறுத்திருந்தார். "எனக்கு ஓவர்டைம் இருக்குங்க மிஸ். ஐயாகிட்ட காசு வாங்குனா, அப்புறம் ஞாயித்துக்கிழமை எப்படிங்க போய் உட்கார்றது?" முதியவரின் வங்கிக் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். வழக்கத்துக்கு மாறான செலவு எதுவும் இல்லை.

பேச்சு மரணத்துக்கு வந்த விதம்

இந்தப் பகுதியை இருவரும் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

யார்டுக் கதைகளில் ஒருநாள் ஸ்பைரோஸ் வந்திருக்கிறது. 1978 அக்டோபர் 12, ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்க நின்றிருந்த கிரேக்க எண்ணெய்க் கப்பல் அது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய நேரத்தில் வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். முதியவர் அப்போது வேறு பட்டறையில் இருந்தார், ஆனால் இறந்தவர்களில் ஒருவர் அவரோடு செம்பவாங்கில் வளர்ந்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் அதை அவர் யாரிடமும் பேசியதில்லை. பேச வேண்டுமானால் டேங்க் என்றால் என்ன என்று தெரிந்த ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்று அவர் பின்னர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அதைக் கேட்டுவிட்டு ஊழியர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். 2020 மே மாதம், கொவிட் கட்டுப்பாட்டில் விடுதியை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தபோது ஊரில் அப்பா இறந்துபோனார். விமானமும் இல்லை. பன்னிரண்டு பேர் தங்கும் அறையில், மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு, சித்தப்பா மகன் கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தார். நடுவில் சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது சடங்கு முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அழக்கூட இடமில்லை, குளியலறைக்கும் வரிசை நின்றது என்றார்.

முதியவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அப்பா என்ன வேலை பார்த்தார், கடைசியாகப் போனில் என்ன பேசினார், எந்தக் கையால் சாப்பாடு ஊட்டுவார் என்று விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஊழியர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஐயா கேக்கக் கேக்கத்தான் எங்கப்பா செத்துட்டாருன்னே எனக்கு உறைச்சுச்சு."

மறுநாள் திங்கட்கிழமை. ஊசி போட்டு முடித்ததும் முதியவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஏம்மா, அந்தப் பேப்பர் இன்னும் இருக்கா?"

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் உரையாடலை நிலையத்தில் வைக்கவில்லை. ஊழியரும் வரக்கூடிய ஒரு ஞாயிறு காலையில், முதியவரின் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக் கடையில் பேசினோம். அவருக்கு எது முக்கியம் என்பதில் குழப்பமே இல்லை: தன் வீட்டில் சாக வேண்டும், காலை வெட்டக் கூடாது, குழாய் போட்டு இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

யார் அவருக்காகப் பேசுவது என்பதில்தான் சிக்கல். அவர் ஊழியரைச் சொன்னார். இருபத்தொரு வயது நிரம்பிய, நோயாளி நம்பும் ஒருவராக இருந்தால் போதும், ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் நடைமுறையில் பார்த்தால், டேங்க்குக்குள் போன் கொண்டுபோக முடியாது, பகல் முழுக்க அவரைப் பிடிக்க இயலாது. முதலாளி அனுமதிச் சீட்டை ரத்து செய்தால் நாட்டை விட்டே போக வேண்டும். அதனால் இருவரை நியமிக்கலாம் என்றேன். முதல் பெயர் அக்கா மகள், இரண்டாவது ஊழியர். முதியவர் அரைமனதாகத்தான் சம்மதித்தார்.

அக்கா மகளை நான் போனில் அழைத்தபோது அவர் முதலில் கேட்டது, "அந்த ஆள் யாரு? எங்க மாமாவுக்கு அவர் என்ன வேணும்?" அந்தக் கேள்வியில் கோபம் இருந்தாலும் அக்கறையும் இருந்தது. நேரில் வந்தார். மாமாவின் கால்களைப் பார்த்தார். நகைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஊழியரிடம் அவர் முதல் இரண்டு சந்திப்பிலும் சரியாகப் பேசவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி விஷயங்கள் ஒரே நாளில் சரியாவதில்லை.

வேலை பார்த்தவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் அவருக்குச் சிறு தொகை இருந்தது. உயில் எழுதினாலும் அது சேமநிதிப் பணத்துக்குச் செல்லாது, தனியாக நியமனம் செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் வழியாக, வாரிசுச் சட்டப்படி உறவினருக்குத்தான் போகும். நண்பர் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதில் வர மாட்டார். முதியவர் அக்கா மகளை நியமித்தார். ஊழியருக்குப் பங்கு வைக்க வேண்டாம் என்பது ஊழியரே கேட்டுக்கொண்டது.

முன்கூட்டிய மருத்துவ ஆணை பற்றியும் கேட்டார்கள். அது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது, மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் வேண்டும். நோய் முற்றி, நினைவில்லாமலோ முடிவெடுக்க முடியாமலோ இருக்கும்போது உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்பதற்கு மட்டும் அது. நினைவோடு இருக்கும் ஒருவர் டயாலிசிஸை நிறுத்தச் சொல்ல எந்த ஆணையும் தேவையில்லை. அவர் வாயால் சொன்னால் போதும். இந்த வித்தியாசம் தெரிந்ததும் முதியவர் ஆணையில் அக்கறை காட்டவில்லை.

கடைசி வாரங்கள்

2023 இறுதியில் வலது கால் விரல்கள் கறுத்தன. மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். மறுத்துவிட்டார். டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் விழத் தொடங்கியது. நான்கு மணி நேரத்தில் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது, வீட்டுக்குப் போனால் மறுநாள் முழுக்கப் படுக்கை.

ஊழியர் பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார். ரத்து செய்யட்டுமா என்று கேட்டதற்கு முதியவர் கண்டிப்பாகப் போகச் சொன்னார். எங்களிடம், "தம்பி வர்ற வரைக்கும் ஓட்டுவோம், அப்புறம் போதும்" என்றார். மருத்துவர் அவரோடு நீண்ட நேரம் பேசினார். மனச்சோர்வினால் சொல்கிறாரா, விளைவு புரிந்து சொல்கிறாரா என்று பார்த்தார். நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம்தான் என்பதை மறைக்காமல் சொன்னார். முதியவருக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

ஊழியர் ஜனவரி கடைசியில் திரும்பினார். பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிச் சுத்திகரிப்பு. தாதிகள் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போனார்கள். அதன்பின் வீட்டுக்கே வரும் அந்திமகாலப் பராமரிப்புக் குழு பொறுப்பேற்றது. சிறுநீரகம் நின்றவர்களுக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஃபென்டனில் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அரிப்புக்கும் குமட்டலுக்கும் தனி மருந்து.

அக்கா மகள் விடுப்பு எடுத்து வந்து தங்கினார். மாமா ஆசைப்பட்டார் என்று கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். உப்பு என்பதால் அது அவருக்கு விலக்காகிப் பல வருடம் ஆகியிருந்தது. இரண்டு வாய் சாப்பிட்டார். அந்த ஞாயிறு முழுதும் ஊழியர் அங்கேதான் இருந்தார். முதியவரின் கால் நகங்களை, கறுக்காத காலின் நகங்களை, வெந்நீரில் ஊறவைத்து வெட்டிவிட்டார். பயமாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு முதியவர், "செத்ததுக்கப்புறம் என்னன்னு பயமில்ல தம்பி. அந்த ராத்திரி தனியா இருப்பேனோன்னுதான் ரொம்ப நாளா பயம்" என்றாராம். நோயாளிகளிடம் இந்தப் பயத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் எங்கள் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை.

பதினோராம் நாள், செவ்வாய் இரவு, அக்கா மகள் பக்கத்தில் இருக்கும்போது உயிர் பிரிந்தது.

அதன்பின்

மருத்துவர் வீட்டுக்கு வந்து மரணத்தை உறுதிப்படுத்தினார். 2022 மே மாதத்திலிருந்து அப்படி உறுதிப்படுத்தியதுமே இறப்பு இணையத்தில் தானாகப் பதிவாகிவிடுகிறது, குடும்பம் எங்கும் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மின்னியல் சான்றிதழை முப்பது நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை உடல் புளோக்கின் கீழ்த்தளத்தில். வியாழன் மதியம் மண்டாயில் தகனம். ஊழியர் வியாழக்கிழமை விடுப்பு கேட்டார், கிடைக்கவில்லை. இறந்தவர் உறவு இல்லையே என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் துக்க விடுப்பு கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு, அதுவும் பெரும்பாலும் குடும்பத்தாருக்குத்தான். புதன் இரவு ஷிப்ட் முடிந்து அவர் வந்தார். விடியும்வரை இருந்துவிட்டு லாரி பிடிக்கப் போனார். சடங்குகளை அக்கா மகளின் மகன் செய்தான்.

அஸ்தியை எப்போது கரைப்பது என்று வந்தபோது, அக்கா மகள் தானாகவே ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தார். "அவர் வரணும்ல" என்றார். செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தள்ளி, அஸ்தி கரைக்க ஒதுக்கப்பட்ட கடற்பகுதிக்குப் படகில் போனார்கள். அப்பாவுக்குச் செய்ய முடியாததை இங்கே செய்துவிட்டதாக ஊழியர் நினைக்கவில்லை. நான் கேட்டபோது, "அது வேறங்க, இது வேற" என்றார். அதை நான் மதிக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தார். தான் இங்கே இறந்துபோனால் என்ன நடக்கும் என்று கேட்டார். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் இறந்தால், இங்கே அடக்கமோ தகனமோ செய்வதற்கோ, உடலை ஊருக்கு அனுப்புவதற்கோ ஆகும் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது விதி. அதைச் சொன்னேன். காப்பீடு, வங்கிக் கணக்கு, யாரிடம் எவ்வளவு கடன், எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதி மனைவிக்கு அனுப்பினார். சிங்கப்பூரில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று அக்கா மகளின் எண்ணை, அவரிடம் கேட்டுக்கொண்டு, எழுதினார்.

இனி மாறுவது

எங்கள் முதல் மதிப்பீட்டுப் படிவத்தில் உறவினர் பெயரும் எண்ணும் கேட்போம். இப்போது அதோடு, "ஞாயிற்றுக்கிழமை யாரோடு இருப்பீர்கள்?" என்றும் கேட்கிறோம். பதில் பல நேரம் உறவினர் பெயராக இருப்பதில்லை. கோயிலில் பழகியவர், கோப்பிக் கடைக்காரர், பக்கத்து வீட்டு மலாய் அம்மா என்று வருகிறது. நோயாளி சம்மதித்தால் அவர்களையும் உரையாடலுக்குக் கூப்பிடுகிறோம்.

மரணத்தைப் பற்றிய பேச்சை நாங்கள்தான் தொடங்க வேண்டும் என்று இருப்பதும் குறைந்திருக்கிறது. இந்த முதியவரிடம் அதைத் திறந்தது, தன் துக்கத்தை இறக்கிவைக்க இடம் தேடிய இன்னொரு மனிதர். பயிற்சி பெற்ற எங்களால் அது முடியவில்லை என்பதில் வியப்பில்லை. நாங்கள் அவரிடம் கேள்வி கேட்கிறவர்கள், அந்தத் தம்பியிடம் அவர் கேள்வி கேட்க முடிந்தது. அதனால் இயன்ற நோயாளிகளை, புதிதாகச் சிகிச்சை தொடங்குகிறவர்களுக்குத் துணையாகப் பேச அழைக்கிறோம்.

துக்க ஆலோசனைக்கான பட்டியலில் நண்பர்களையும் சேர்க்கிறோம். இறுதிச் சடங்கு விடுப்புக்காக, நோயாளி உயிரோடு இருக்கும்போதே, நண்பரின் முதலாளிக்கு ஒரு கடிதம் தயார் செய்கிறோம்: இவர் நோயாளி தனக்காகப் பேச நியமித்தவர், முடிந்தால் ஒரு நாள் விடுங்கள் என்று. அதற்குச் சட்ட பலம் ஏதும் இல்லை. இதுவரை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு மேலாளர் அரை நாள் விட்டார். இன்னொருவரிடமிருந்து பதிலே வரவில்லை. அங்கே வேலை பார்க்கும் நண்பரின் விடுதியைக் கவனிக்கும் அதிகாரியிடம் இந்த வாரம் பேசப்போகிறேன்.